மறைப்புக்கு இந்தப் பக்கம் ஒரு காது

"காலியைக் கெட்டின்னு சொல்ற நாக்கு என் வாயில முளைக்கல. முளைச்சா, உளியை வெச்சு நானே பேர்த்து எடுத்துருவேன்."

எங்கள் தெருப் படிப்பகத்தின் புதுத் தரையில் நின்றுகொண்டு, அவசரப்பட்ட காண்ட்ராக்டரின் முகத்துக்கு நேராகத் தட்டுமேஸ்திரி சொன்ன வாசகம் இது. வரலாற்றில் இடம்பெற வேண்டிய வாசகங்கள் பலவும் சாந்துச் சட்டிக்குப் பக்கத்தில் சொல்லப்படுவதால் வீணாகிப் போகின்றன. இது வீணாகவில்லை. தான் சொன்ன நல்ல வாசகத்தைத் தானே சுமந்துபோய் நான்கு பேருக்குச் சேர்க்கும் பழக்கம் மேஸ்திரிக்கு உண்டு.

டைல்ஸ் பதிப்பது அவர் தொழில். பதித்துக் காய்ந்த தரையில் முழங்காலிட்டு, சுத்தியலின் மரப்பிடியால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போவார். அடியில் சாந்து நிறைந்திருந்தால் 'டக்' என்று சுருக்கமாகப் பதில் வரும். அது கெட்டி. அடியில் காற்று நின்றிருந்தால் 'தொம்' என்று கொஞ்சம் இழுத்து வரும். அது காலி. இவ்வளவுதான் வித்தை, எந்த மேஸ்திரிக்கும் தெரியும். இவருக்கு மட்டும் அது முற்றிவிட்டது. கடையில் பூசணிக்காயைத் தட்டினார், பஸ்ஸில் சீட்டைத் தட்டினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் இவர் நெஞ்சில் விரல் வைத்துத் தட்டியபோது, டாக்டரை முந்திக்கொண்டு "கெட்டி" என்று தீர்ப்பும் சொன்னார்.

முழங்காலில் நின்றே பிழைத்தவரின் முழங்கால்கள், ஐம்பதைத் தொடுவதற்குள் வேலைநிறுத்தம் அறிவித்தன. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. குழந்தைகள் காப்பகம் ஒன்றில் ஆயா வேலைக்கு அவர் மனைவி போனார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் வட்டம். சாவிச் சின்னக் கட்சியின் வட்டச் செயலாளர் என்பது முழுப் பெயர். முதல் பாதியே போதும் என்று தெரு தீர்மானித்தது. அவர் வயிற்றைப் பார்த்த யாரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை. காப்பகத்தில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்பது அவர் வாயசைவில் இருந்தது.

வேலை கொடுத்தவர் கைம்மாறு எதிர்பார்க்காமல் இருப்பாரா? தேர்தல் வந்தது. மேஸ்திரியைச் சாவிக் கட்சியின் சாவடி முகவராக்கினார். முழங்காலுக்கு நோகாத பதவி. நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர் உண்மையான வாக்காளர்தானா என்று பார்க்க வேண்டியது, அவ்வளவே.

சாவடி அமைந்தது அதே படிப்பகத்தில். மூலையில் ஒரு மேசை. மேசைமேல் மூன்று பக்கமும் அட்டை மறைப்பு. வாக்காளர் அதற்குள் குனிந்து, சீட்டை விரித்து, தனக்குப் பிடித்த சின்னத்தின்மேல் ரப்பர் முத்திரையைக் குத்தி, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். சீட்டில் முதலில் சாவி, கடைசியில் வாளி. இடையில் இரண்டு சுயேச்சைகள். அவர்களுக்கு அவர்கள் வீட்டிலேயே சந்தேக ஓட்டுதான்.

மேசை, மரச்சட்டத்தின்மேல் மெல்லிய பலகை அடித்தது. சீட்டை விரித்தால் மேல்பாதி சட்டத்தின் மேல் வரும், கீழ்ப்பாதி வெறும் பலகையின் மேல் வரும். சாவியில் குத்தினால் டக். வாளியில் குத்தினால் தொம். மனிதக் கண்ணை நம்பாமல் சட்டம் மூன்று பக்கமும் அட்டை வைத்திருந்தது. மனிதத் தலையில் காது என்று ஒன்று இருப்பதைச் சட்டத்திடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்று முழுக்க மேஸ்திரி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வாளிக் கட்சியின் முகவரும் கண்ணை மூடித்தான் உட்கார்ந்திருந்தார், ஆனால் அவர் நிஜமாகவே தூங்கினார். மாலையில் மேஸ்திரி நேராக வட்டத்திடம் போய், சாவிக்கு இத்தனை, வாளிக்கு இத்தனை என்று ஒப்பித்தார். வட்டம் சிரித்து அனுப்பினார். பெட்டியைத் திறந்து எண்ணியபோது ஒன்றுகூடப் பிசகவில்லை. வட்டத்தின் கையில் ரோமம் எழுந்து நின்றதைப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ரோமம் உட்கார்ந்த பிறகு யோசனை எழுந்தது.

"எண்ணிக்கை கிடக்கட்டும் மேஸ்திரி. ஆள் தெரியுமா?"

"என்ன தலைவரே இப்படிக் கேட்டுட்டீங்க? பேரைக் கூப்பிடுறாங்க, ஆள் உள்ள போகுது, சத்தம் வருது. பேருக்குப் பின்னாலேயே சத்தம்."

"நம்ம காப்பகத்துல இருக்கிறவங்க?"

"சமையல்கார அக்கா மட்டும் தொம். மத்தவங்க எல்லாம் டக்."

தரையில் ஒரு டைல் சரியில்லை என்று சொல்வாரே, அதே தொனியில் சொன்னார். காலி டைலை என்ன செய்வார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்ததுதான். பெயர்த்து எடுப்பார்கள்.

சமையல்கார அக்காவை வட்டம் நேரிலேயே வந்து அனுப்பிவைத்தார். "வாளிக்குக் குத்துற கைக்கு இங்க என்னக்கா வேலை?" என்று அன்பாகத்தான் கேட்டார். அக்கா யாருக்குப் போட்டார் என்பதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, கண்ணாடியிடம்கூடச் சொல்லவில்லை. மறைப்புக்குள் அவரும் அவர் கையும் மட்டும்தான் இருந்தார்கள். வாசலில் நின்று, யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரு கலங்கியது. முத்திரைக்கு ஞாபகசக்தி இருக்கிறது என்றார் ஒருவர். மையில் ஏதோ கலக்கிறார்கள், வாளிக்குப் போட்டவர் விரல் ராத்திரியில் வேறு நிறம் காட்டும் என்றார் இன்னொருவர். இஸ்திரிக்காரர் இரண்டு நாள் கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டே நடந்தார். கடைசியில் மர்மத்தை உடைத்தவர் மேஸ்திரியேதான். தன் பெருமையை அடுத்தவர் மைக்கும் முத்திரைக்கும் பங்கு போடுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. டீக்கடை மேசையில் சுண்டு விரலை மடக்கித் தட்டினார்.

"கேட்டுக்கோ. டக், இது சாவி. தொம், இது வாளி. மையாவது மண்ணாவது. எல்லாம் இந்தக் காது!"

கடையில் யாரும் கைதட்டவில்லை. இஸ்திரிக்காரர் மட்டும் டம்ளரைக் கீழே வைத்தார். மிக மெதுவாக, மெத்தையில் குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்தார்.

தெரு அமைதியானது அன்றைக்குத்தான். இரைச்சலைக் குறையுங்கள் என்று நகராட்சி எத்தனை பலகை மாட்டியும் நடக்காத காரியம் இது. அதற்கு ஒரு காது போதுமாக இருந்தது. மேஸ்திரி வீட்டைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். தெருக்குழாயில் வாளிக்குள் முதலில் துணியைப் போட்டுத்தான் தண்ணீர் பிடித்தார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை அழத் தொடங்கினால் அதன் வாயில் கை விழுந்தது, அழுகை பாதியில் நின்றது. நின்ற அழுகை எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. கதவுகளுக்கெல்லாம் எண்ணெய். கணவன் மனைவி சண்டைகள் சைகையில் நடந்தன. சைகையில் திட்டுவதற்குச் சில புதிய முத்திரைகள்கூட உண்டாயின.

சாவடி அதிகாரியிடம் சிலர் முறையிட்டார்கள். அவர் ஒரு பள்ளி ஆசிரியர், நேர்மையானவர். விதிகளை முழுக்கப் படித்தார். மறைப்பின் உயரம், அகலம், ஜன்னலிலிருந்து தள்ளி வைப்பது எல்லாம் இருந்தன. காதைப் பற்றி ஒரு வரி இல்லை. மேலே எழுதிக் கேட்டார். மறைப்பின் உயரம் விதிப்படி உள்ளது என்று பதில் வந்தது. தன்னால் ஆனதென்று, அடுத்த தேர்தலில் முகவர் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போடுவதாக மேஸ்திரியிடம் சொல்லிப் பார்த்தார்.

"போடுங்க சார். சுவர்ல பட்டு இன்னும் தெளிவா வரும்."

மேஸ்திரி வீட்டுக்குள் நடந்தது வேறு. அங்கேயும் சத்தம் நின்றிருந்தது. பாத்திரங்களுக்கு அடியில் துணி, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர். மனைவி பேசாமல் இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்வார். ஆனால் அவர் தொடும் பொருள் எதுவும் பேசுவதில்லை. மேஸ்திரி கூடத்தில் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். திரும்பினால், கையில் தண்ணீர் டம்ளரோடு மனைவி முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார்.

"எப்ப வந்தே?"

"நான் எங்கயும் போகவே இல்லையே."

"ஒரு சத்தம் குடுத்துட்டு வந்தா என்னடி? உசிரே போயிருச்சு."

"உங்களுக்கா கேட்கல? ஊர்க் கையெல்லாம் கேட்குது, கட்டினவ கால் கேட்கலையாக்கும்."

மேஸ்திரி பேச்சை மாற்றப் பார்த்தார். "அந்தச் சமையல்கார அக்கா இப்ப எங்க வேலை பார்க்குது?"

"எங்கயும் இல்ல. கடைசி வீடுதானே, போய்த் தட்டிப் பாருங்க. கெட்டியா இருக்காளா, காலியா இருக்காளான்னு தெரிஞ்சுக்கலாம்."

அவர் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பழக்கதோஷத்தில் தரையைத் தட்டினார். சொந்த வீட்டுத் தரை, சொந்தக் கையால் பதித்தது, ஓர் அங்குலம் காலி கிடையாது. டக் என்றது. ஒரு நொடி கழித்து, கீழேயிருந்து, இன்னொரு டக்.

மறுபடி தட்டினார். தட்டியது ஒன்று, கேட்டது இரண்டு. யாரோ அடியில் படுத்துக்கொண்டு மரியாதையாகப் பதில் தட்டுவதுபோல் இருந்தது. மேஸ்திரி உளியைக் கொண்டுவந்து அந்த டைலைப் பெயர்த்தார். அடியில் சாந்து, விளிம்புவரை கெட்டியாக. விரலால் தோண்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. புதுச் சாந்து போட்டுப் பதித்துவிட்டு நிமிர்ந்தால், மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று மேஸ்திரி கேட்கவில்லை. வேலை நல்லா இருக்கா என்று வழக்கம்போலக் கேட்கவும் வாய் வரவில்லை. அடுத்த சில மாதங்களில் கூடத்தில் பாதித் தரையை இப்படிப் பெயர்த்துப் பதித்தார். எதற்கு என்று தெருவில் ஒருவரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் குரல் கேட்டுவிடும்.

மறுபடி தேர்தல் வந்தது.

முந்தின நாள் வட்டம் கூப்பிட்டனுப்பினார். "காப்பகத்துல நாலு பேர் இருக்காங்க மேஸ்திரி. உங்க வீட்டம்மாவையும் சேர்த்துத்தான் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு விசுவாசம் வேணும். தொம்முனு ஒண்ணு வந்தாலும் அந்த ஆள் மறுநாள் அங்க இருக்கக்கூடாது."

"என் வீட்டுக்காரி எப்பவும் டக்குதான் தலைவரே" என்றார் மேஸ்திரி. போன முறை கேட்டவர் அவர்தானே.

காலையில் படிப்பகத்தின் வராந்தாவில் செருப்புகள் குவிந்தன. யாரும் சொல்லாமலே வெறுங்காலோடு உள்ளே வந்தார்கள். வரிசையில் இருமல் இல்லை, தும்மல் இல்லை. ஓட்டுப் போட வந்தவர்களா, பெட்டியைத் திருட வந்தவர்களா என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அதிகாரிகூடத் தன்னையறியாமல் பெயர்களை ரகசியக் குரலில் கூப்பிட்டார். ஒவ்வொருவர் கையிலும் மடித்த கைக்குட்டை. மறைப்புக்குள் போய், சீட்டுக்கு அடியில் அதை விரித்து, அதன்மேல் முத்திரையை வைத்து அழுத்தினார்கள். குத்தவில்லை, அழுத்தினார்கள்.

மேஸ்திரி கண்ணை மூடினார். ஒன்றும் இல்லை. பெயரைக் கூப்பிட்டார்கள், சத்தம் வரவில்லை. அடுத்த பெயர், சத்தமில்லை. நெற்றியில் வியர்வை ஊறி வழிந்தது. அது தாடையில் இறங்கும் சத்தம்கூடக் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார். கண்ணைத் திறந்து பார்த்தார். மேசைக்கு அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. பாதங்கள் மட்டும். அசையாமல் நின்றன. பிறகு பாதங்கள் இல்லை. பிறகு வேறு இரண்டு பாதங்கள். ஆட்கள் வருவதையும் போவதையும் அவர் பார்க்கத் தவறினாரா, அல்லது அந்தப் பாதங்கள் தாங்களாகவே அங்கே தோன்றி மறைந்தனவா என்று அவருக்கே நிச்சயமில்லை. ஊர் முழுக்க ஒன்றுசேர்ந்து அவரை உயிரோடு ஒரு கெட்டித் தரைக்குள் வைத்துப் பதித்துவிட்டது போலிருந்தது.

அப்போது சரக், சரக் என்று செருப்புச் சத்தம் கேட்டது.

வரிசை முழுக்கத் திரும்பியது. மேஸ்திரியின் மனைவி செருப்போடு உள்ளே வந்தார். பேச்சைத் தவிர, அத்தனை மாதத்தில் அவரிடமிருந்து கணவர் கேட்ட முதல் சத்தம் அது. அதிகாரி நீட்டிய சீட்டைப் படபடவென்று உதறி விரித்தார். கையில் கைக்குட்டை இல்லை. மறைப்புக்குள் குனிந்தார். கொஞ்சம் தாமதித்தார்.

தொம்.

குத்து அல்ல, இடி. மை டப்பாவின் மூடி துள்ளி விழுந்தது. வாளிக் கட்சியின் முகவர் தூக்கம் கலைந்து, "என்ன, என்ன?" என்று எழுந்தார். படிப்பகத்தின் அலமாரிக் கண்ணாடிகள் ஒருமுறை நடுங்கி அடங்கின. சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு மனைவி வெளியே போனார். போகும்போது கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் மறுபடி கைக்குட்டைகளோடு வந்தார்கள். நாள் முழுக்கத் தெரு பொத்திப் பொத்தி மறைத்ததில், மேஸ்திரிக்குத் தெரிந்த ஓட்டு ஒன்றே ஒன்று. அதுவும் அவருக்கு மட்டும் சொல்லப்பட்ட ஓட்டு.

மாலையில் வட்டத்தின் வீட்டுக் கூடம். வட்டம் சோபாவில் இருந்தார். பக்கத்தில் அவர் மச்சான். வட்டத்தின் கார் டிரைவர் வாசற்படியில் நின்றார்.

"சொல்லுங்க மேஸ்திரி."

"ஒண்ணும் கேட்கல தலைவரே. எல்லாம் துணியை வெச்சுக் குத்திட்டாங்க."

"ஒண்ணுமே கேட்கலையா?"

"இல்ல."

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன மேஸ்திரி, பூ சுத்துறீங்க? நான் வராந்தாவுல செருப்புக் குவியலைத் தாண்டி நின்னுட்டிருந்தேன், எனக்கே கேட்டுச்சு. தொம்முனு ஒரு சத்தம். நீங்கதானே டீக்கடையில பாடம் நடத்துனீங்க, தொம்முன்னா வாளின்னு. உள்ள யாருன்னு கூட்டத்துல எனக்குத் தெரியல. உங்களுக்குமா தெரியல?"

வட்டம் குரலை உயர்த்தவில்லை. "யாரு மேஸ்திரி அது?"

மேஸ்திரி முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"சும்மா சொல்லுங்க. அந்த இஸ்திரிக்காரனா? அவன் மேல எனக்கு எப்பவும் ஒரு கண்ணு உண்டு. அவன் வண்டி நிக்கிறது என் தயவுல."

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். இஸ்திரிக்காரர் வண்டி தெருவைவிட்டுப் போகும், மனைவியின் வேலை நிலைக்கும், மேஸ்திரியின் காதும் அதன் கீர்த்தியும் அடுத்த தேர்தல்வரை வாழும். அந்தத் தலைக்கு அதைவிடச் சுலபமான வேலை அன்றுவரை வந்ததில்லை. அது ஆடவில்லை.

"எனக்குக் காது போயிருச்சு தலைவரே."

"நான் பேசுறது கேட்குதே?"

"பேச்சு கேட்குது. தட்டுற சத்தம்தான் தெரியல. கொஞ்ச நாளாவே அப்படித்தான். வெளிய சொன்னா பொழப்புக் கெட்டுரும்னு மறைச்சேன்."

மச்சான் எழுந்தார். "அதையும் பார்த்துருவோம். வெளியாளு யாருகிட்டயோ காசு வாங்கிட்டு நடிக்கிறாரா, நிஜமான்னு தெரிஞ்சுரும்." உள்ளே போய்ச் சுத்தியல் ஒன்றைக் கொண்டுவந்து, மரப்பிடியைத் திருப்பி மேஸ்திரியிடம் கொடுத்தார். "இந்தத் தரையைத் தட்டிச் சொல்லுங்க. நாங்களும் கேட்கிறோம்."

மேஸ்திரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எலும்பு உள்ளே முனகியது. மச்சான் காட்டிய முதல் டைலைத் தட்டினார். டக். "கெட்டி" என்றார். அடுத்ததும் டக். "கெட்டி." மச்சான் வாசற்படிக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றைக் காலால் காட்டினார். அந்த வீட்டில் யார் உள்ளே வந்தாலும் மிதிபட்டுக் கதறும் டைல் அது. வீட்டுப் பூனைக்கே தெரியும், தாண்டித்தான் போகும்.

மேஸ்திரி தட்டினார்.

தொம் என்று வெகு நேரம் நின்று கேட்டது. வாசலில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். மச்சான் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். மேஸ்திரி நெற்றி தரையில் படும் அளவுக்குக் குனிந்து, காதை அதன்மேல் வைத்தார்.

"ம்?" என்றார் வட்டம்.

"கெட்டி."

மச்சான் சிரித்த சிரிப்பு தெருவரை போனது. நாளைக் காலைக்குள் டீக்கடைக்கும், சாயங்காலத்துக்குள் இந்த ஊரில் தரை போடும் அத்தனை பேருக்கும் போய்விடும். வட்டம் சிரிக்கவில்லை. நோயாளியிடம் பேசுவதுபோலக் குரலைத் தணித்தார். "இன்னொரு தடவை நல்லாத் தட்டிப் பாருங்க மேஸ்திரி."

மேஸ்திரி இன்னொரு தடவை தட்டினார். தொம்.

"கெட்டிதான் தலைவரே" என்றார். "பதிச்சவன் நல்ல வேலைக்காரன்."